அப்பாருக்குப் பழசெல்லாம் ஞாபகம் இருக்குதே!

"மறதியெல்லாம் இல்லீங்க. அம்பது வருசத்துக்கு முன்னால அந்தியூர்ச் சந்தையில மாடு புடிச்ச விலையைக் கேளுங்க, பைசா சுத்தமாச் சொல்லுவாரு." அப்பாரைக் கூட்டிவரும் பேரன்கள் வழக்கமாகச் சொல்வது இது. ஆனால் அதே அப்பாரு காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குள் மூன்று தடவை "இன்னும் சோறு போடலையா?" என்று கேட்டிருப்பார்.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பொட்டுக்கு உள்ளே, மூளையின் உள்பக்கத்தில், புதிய செய்தியைப் பதிகிற ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. அதற்கு வாசல்போல இருக்கும் எண்டோரைனல் பகுதியில்தான் அல்சைமர் என்ற மறதிநோய் பெரும்பாலும் முதலில் கைவைக்கிறது. பழைய நினைவுகள் மூளையின் மேற்பரப்பெங்கும் பரவிக் கிடப்பதால் வெகுநாள் தப்பிக்கின்றன.

1906இல் ஜெர்மனியில் அலோயிஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையில் கண்டு சொன்ன இரண்டைத்தான் இன்றும் பேசுகிறோம்: செல்லுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதத்தின் திட்டுகள், உள்ளே டாவ் முடிச்சுகள். டாவ் என்ன செய்கிறது என்று தறி ஓட்டும் சோமனூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். பாவு நூல் பிசிறடிக்காமல் இருக்கக் கஞ்சி போடுகிறோமல்லவா, அதுபோல நரம்பு செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களை நிலைப்படுத்தும் புரதம் அது. அதன்மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் குழாயை விட்டுக் கழன்று, தனக்குள் தானே சிக்கு விழுந்துவிடும். தறியில் நூல்தான் சிக்காகும். இங்கே கஞ்சியே சிக்காகிறது.

திட்டு வருவதற்கு முன்பே செல்லுக்குள் என்ன கெடுகிறது? இந்த ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகளாகத் துருவியவர் நியூயார்க்கின் நேதன் க்ளைன் ஆய்வு நிலையத்து ரால்ஃப் நிக்சன். வெளியிலிருந்து வருவதை வாங்கிப் பிரிக்கும் எண்டோசோம் என்ற பைகள் திட்டுகளுக்கு முன்பே வீங்கிவிடுகின்றன என்று 2000இல் அவர் குழு காட்டியது. 2005இல், செரிக்கப்படாத கழிவுப் பைகள் நோயாளிகளின் நரம்பு செல்களில் குவிந்து கிடப்பதைக் காட்டியது. கழிவைச் செரிக்கும் லைசோசோமுக்கு உள்ளே அமிலத்தன்மை 4.5 முதல் 5 பிஎச் வரை இருந்தால்தான் நொதிகள் வேலை செய்யும். பரம்பரை அல்சைமரில் கெட்டுப்போகும் பிரசெனிலின்-1 என்ற புரதம் இல்லாவிட்டால் அந்த அமிலம் ஏறுவதில்லை என்று 2010இல் சொன்னபோது, மற்ற ஆய்வுக்கூடங்களிலிருந்து மறுப்பும் வந்தது. 2022இல் எலிகளில், அமிலம் குறைந்த பைகள் முதலில் செல்லுக்குள்ளேயே அமிலாய்டால் நிரம்பி, அந்தச் செல் சாகும் இடத்தில்தான் திட்டு உருவாகிறது என்று காட்டினார்கள். மனிதரிலும் முழுக்க இப்படித்தானா என்பது இனிமேல் தெரியவேண்டும்.

மனிதரில் உறுதியானது ஒன்று உண்டு: மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே அமிலாய்டு சேரத் தொடங்கிவிடுகிறது. எழுபது வயதுக்காரருக்கான தடுப்பு வேலை ஐம்பதில் செய்திருக்க வேண்டியது. ஆகவே கூட்டிவந்த மகனின் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். காதும்தான். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும்; காதில் பஞ்சு வைப்பது போதாது, நுரை அடைப்பானைச் சுருட்டி உள்ளே விரியவிட வேண்டும். நடுவயதில் காது மந்தமானால் பின்னாளில் மறதிநோய் வரும் ஆபத்து கூடுகிறது. நம் ஊரில் கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லை, காதுக் கருவிக்கு மட்டும் கௌரவம் பார்க்கிறார்கள்.

அப்பாருக்கு வருவோம். மறதி என்றதும் அல்சைமர் என்று முத்திரை குத்தக்கூடாது. பி12 வைட்டமின், தைராய்டு ரத்தப் பரிசோதனை முதலில். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோலும் வருடக்கணக்கில் எடுப்பவருக்கு பி12 குறையும். சில வாரங்களுக்கு முன் மொபட்டிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் ஸ்கேன் கட்டாயம். மெதுவாகக் கசிந்த ரத்தம் மூளையை அழுத்திக்கொண்டிருக்கலாம், அது அகற்றக்கூடியது.

மாத்திரைப் பையை அப்படியே கொண்டுவாருங்கள். மறதிக்குத் தரும் டொனெபெசில், மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது. சளிக்கான குளோர்ஃபெனிரமின், தூக்கத்துக்கான அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க ஆக்சிபியூட்டினின் இவையெல்லாம் அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கின்றன. சேர்த்துக் கொடுப்பது ஒருபக்கம் தண்ணி பாய்ச்சி மறுபக்கம் மடையை உடைத்த கதை. டொனெபெசில் இரவில் 5 மி.கி., தாங்கினால் 4 முதல் 6 வாரம் கழித்து 10. கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றலாம். நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால் இ.சி.ஜி. பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு மயக்கம் வரக்கூடும்.

லெகனெமாப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற அல்சைமர் ஊசி. ஆரம்பக் கட்டத்தவருக்கு மட்டும், தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. 18 மாத ஆய்வில் சரிவை 27% மெதுவாக்கியது. போன நினைவைத் திருப்பித் தரவில்லை. மூளை வீக்கம், நுண்ரத்தக்கசிவு வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். நடுக்கட்டம் தாண்டியவருக்காக நிலத்தை விற்று இதற்கு ஓடவேண்டாம்.

தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குப் பொழுது சாயும் நேரம்தான் மோசம். "ஊட்டுக்குப் போறேன்" என்று சொந்த வீட்டிலிருந்தே கிளம்பிவிடுவார்கள். ஐந்து மணிக்கே விளக்கைப் போடுங்கள். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் இருக்கட்டும். தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் வையுங்கள், ஆனால் ஆளைத் தனியே விட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கு இந்த வாரமே வேலி போட்டுவிடுங்கள்.