பாட்டு எந்த நொடியில் விக்குகிறது?

பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், சரணத்தின் நடுவில் ஒரு 'டிக்', அரை நொடி மௌனம், அப்புறம் திரும்பவும் பாட்டு. எம்பி3 பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. உடனே ரீசெட் அடித்துவிடாதீர்கள். அதே பாட்டை இன்னொரு தடவை போட்டு, திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். முன்பு விக்கிய அதே நொடியில் விக்குகிறதா, இல்லை வேறு இடத்திலா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

அதே நொடி என்றால் பெரும்பாலும் ஃபைல்தான் கெட்டிருக்கிறது. எம்பி3 ஃபைல் என்பது குட்டிக் குட்டித் துண்டுகளின் வரிசை. ஒரு துண்டை ஃபிரேம் என்பார்கள். நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒரு கணத்தில் ஒலியை அளந்து பதிந்த எண்) என்ற சிடி கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு 1,152 சாம்பிள், அதாவது சுமார் 26 மில்லி செகண்டு ஒலி. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட், எட்டு பிட் ஒரு பைட்) பாட்டில் அது வெறும் 417 பைட் அளவுதான். ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் தொடர்ச்சியாகப் பதினொரு 1 வரும், அதை வைத்துத்தான் அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று பிளேயர் கண்டுபிடிக்கிறது. சரி, ஒரு துண்டு போனால் 26 மில்லி செகண்டுதானே, காதில் விழவே விழாதே என்று தோன்றும். ஆனால் எம்பி3-இல் ஃபிரேம்கள் ஒன்றுக்கொன்று இடம் கடன் கொடுத்துக்கொள்ளும்: அமைதியான பகுதியில் மிஞ்சிய இடத்தில், அடுத்து வரும் மேள அடியின் தகவல் போய் உட்கார்ந்திருக்கும், 511 பைட் வரை பின்னால்கூட. அதனால் ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து கெடும். இதற்கு வைத்தியம் கிடையாது, நல்ல ஃபைலாகத் திரும்பக் காப்பி செய்வதுதான் வழி.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் விக்கினால் ஃபைலை விட்டுவிடுங்கள், தகவல் வந்து சேரும் வழியைப் பாருங்கள். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது அல்லவா, பிளேயரில் அந்தத் தொட்டியின் பெயர் பஃபர். 2001-இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு 32 எம்பி நினைவகமும் இருந்தது. சுமார் 20 நிமிடப் பாட்டை அதில் நிரப்பிவிட்டு டிஸ்க் ஓய்வெடுக்கும், பேட்டரியும் மிஞ்சும், ஓடினாலும் குதித்தாலும் பாட்டு அறுபடாது.

இப்போது டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு. கார்டு மெதுவானது என்று பலர் பழி போடுகிறார்கள், அது அநேகமாகத் தவறு. 320 கேபிபிஎஸ் பாட்டுக்கு நொடிக்கு 40 கிலோபைட் போதும், 'கிளாஸ் 4' என்ற சாதாரண வேகத் தரமுள்ள கார்டே நொடிக்கு 4 எம்பி தாங்கும். கெட ஆரம்பித்த கார்டுதான் சிக்கல்: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதற்குள் தொட்டி காலியாகிவிடும். போலிக் கார்டு அதைவிட மோசம். மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய 64 ஜிபி கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபி. முதலில் ஏற்றிய பாட்டுகள் ஒழுங்காகப் பாடின, பின்னால் ஏற்றியவை பெயர் மட்டும் காட்டிவிட்டு மௌனமாக ஓடின. எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து இதைக் காட்டிக்கொடுத்துவிடும். புதுக் கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த கோளாறு. வாத்தியம் எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரலை மட்டும் காணோம், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலி மட்டும் மிச்சம். இது இயர்போன் பின்னின் வேலை. இடது, வலது இரண்டுக்கும் திரும்பிப் போகும் கம்பி ஒன்றுதான். அந்தத் தொடர்பு விட்டுப்போனால் மின்னோட்டம் ஒரு காதிலிருந்து மறு காது வழியாகப் போகும், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். பாடகர் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள், அதனால் அது கழிந்து போய்விடுகிறது. என் பிளேயரை அணைத்துவிட்டு, பின் செருகும் துளைக்குள் பல் குச்சியை மெதுவாக விட்டுத் திருப்பினேன். சட்டைப் பையின் நூல் பிசிறு ஒரு சின்ன உருண்டையாக வெளியே வந்தது. பின்னை 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தினேன், குரல் நடுவில் வந்து நின்றது.