லெஜண்ட்: நிலைபுகழ் வீரர்

கூடைப்பந்து அணி ஒன்றின் பழைய வீரர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் ‘லெஜண்ட்’ என்ற சொல்லை அப்படியே எடுத்தாள்கின்றனர். சிலர் ‘ஜாம்பவான்’ என்றும், வேறு சிலர் ‘சகாப்தம்’ என்றும் எழுதுகின்றனர். இம்மூன்றும் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் வெவ்வேறு கருத்திலிருந்து பிறந்தது. எனவே எந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. இதற்கு எடுத்துக்காட்டாக, 1946இல் தொடங்கப்பட்டு, 1957 முதல் 2024 வரை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.யில் 18 முறை வாகையர் பட்டம் வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ் அணியை எடுத்துக்கொள்கிறேன். அவ்வணியின் லாரி பேர்டுக்கு ‘லாரி லெஜண்ட்’ என்பதே பட்டப்பெயராக அமைந்துவிட்டது.

‘லெஜண்ட்’ என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘லெகெரே’ என்னும் வினைச்சொல். ‘திரட்டுதல்’ என்பது அதன் முதற்பொருள். எழுத்துகளைத் திரட்டிச் சொல்லாக்குவதே படிப்பு என்பதால் ‘படித்தல்’ என்ற பொருளும் அதற்கு வந்து சேர்ந்தது. (நம் வழக்கில் கலந்துவிட்ட ‘கலெக்டர்’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து வந்ததே, அங்கே திரட்டுதல் என்ற பழம்பொருள் மாறாமல் நிற்கிறது.) இவ்வினையிலிருந்து பிறந்த ‘லெகெண்டா’ என்பதற்குப் ‘படிக்கப்பட வேண்டியவை’ என்பது நேர்ப்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் திருநாள்களில் அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகளை மடங்களில் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு படிக்கப்பட்ட வரலாறுகளே லெகெண்டா எனப்பட்டன. அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. புனிதர் வரலாறுகளில் அற்புதச் செய்திகள் மிகுதியாக இருந்தமையால், நாளடைவில் ‘சான்றில்லாத பழங்கதை’ என்ற பொருளும் அதற்கு ஏறியது. கதையைக் குறித்த அச்சொல், கதைக்கு உரிய மனிதரையே குறிக்கத் தொடங்கியது மிகவும் பிற்காலத்தில்தான். நாணயத்தின் மேலுள்ள எழுத்துப் பொறிப்பையும் வரைபடத்தின் குறிவிளக்கத்தையும் இன்றும் லெஜண்ட் என்றே வழங்குவதைக் கண்டால், படித்தல் என்னும் அடிப்பொருள் இன்னும் அழியவில்லை என்பது விளங்கும்.

இவ்வடிப்பொருளைப் பாஸ்டன் அரங்கின் கூரையிலேயே காணலாம். சிறந்த வீரர் ஒருவர் ஓய்வு பெற்றபின், அவர் அணிந்த எண்ணை வேறெவருக்கும் வழங்காமல் நிறுத்திவைத்து, அதனைக் கொடியில் பொறித்து உயரே தொங்கவிடுவது அங்குள்ள வழக்கம். பாப் கூசியின் 14, ஜான் ஹாவ்லிசெக்கின் 17, பேர்டின் 33, கெவின் மெக்ஹேலின் 32, ராபர்ட் பாரிஷின் 00 ஆகியவை அவ்வாறு நிற்கின்றன. ஆனால் ஜிம் லாஸ்கடாஃப் என்னும் வீரர், தாம் அணிந்த 18ஆம் எண்ணை நிறுத்திவைக்க வேண்டாம் என்றும், பின்னால் வருபவர் ஒருவர் அதனை அணியட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே எண்ணுக்கு மாறாக, ‘லாஸ்கி’ என்னும் அவருடைய செல்லப்பெயரே கொடியில் எழுதப்பட்டது. 1970இல் அணிக்கு வந்த டேவ் கவன்ஸ் அந்த 18ஐ அணிந்து, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். பிறகு அவர் பொருட்டே அவ்வெண் நிறுத்திவைக்கப்பட்டது. எண்களுக்கு நடுவே பெயராக நின்று படிக்கப்படும் லாஸ்கியின் கொடியைத்தான், சொல்லின் முதற்பொருளில் லெஜண்ட் என்று நான் சொல்வேன்.

இனித் தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். அகராதியில் லெஜண்ட் என்பதற்கு எதிரே ‘பழங்கதை’, ‘தொன்மம்’ போன்ற சொற்களைக் கண்டு, அவற்றை அப்படியே மனிதர்மேல் ஏற்றி ‘வாழும் தொன்மம்’ என்று எழுதுவது பொருந்தாது. தமிழில் தொன்மம் என்பது கதையையே குறிக்கும். ஆங்கிலத்தில் நிகழ்ந்த பொருள்மாற்றம் தமிழ்ச் சொல்லில் நிகழவில்லை.

‘சகாப்தம்’ என்பது சகம், அப்தம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை. அப்தம் என்றால் ஆண்டு, பொ.ஆ. 78இல் தொடங்கும் சக ஆண்டுக் கணக்கைக் குறித்த சொல், பின்னர் எந்த ஊழிக்கும் பொதுவாகிவிட்டது. இது காலத்தின் பெயரேயன்றி ஆளின் பெயர் அன்று. 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டுப் பட்டங்களைச் செல்டிக்ஸ் வென்ற காலத்தை ஒரு சகாப்தம் எனலாம். அக்காலத்துக்கு நடுநாயகமாக விளங்கிய பில் ரஸ்ஸலைச் சகாப்தம் என்பது ஆகுபெயராக ஒப்புக்கொள்ளத்தக்கதே என்றாலும், ஓரிரண்டு பருவங்களில் சிறப்பாக ஆடியவரையெல்லாம் சகாப்தம் ஆக்குவது மிகை.

‘ஜாம்பவான்’ என்ற சொல்லை நான் அவ்வளவு எளிதில் தள்ளமாட்டேன். இராமாயணக் கரடிவேந்தனின் பெயரான இதனைத் தமிழ் ஒலிமரபுக்கேற்பச் சாம்பவான் என்றும் எழுதுவர். கடலைத் தாண்டுபவர் யார் என்று வானரர் கலங்கி நின்றபோது, இளமையில் தனக்கிருந்த ஆற்றல் இப்போது இல்லை என்று ஒப்புக்கொண்டு, அனுமனுக்கு அவனுடைய வலிமையை நினைவூட்டி எழுப்பியவன் அவன். ஆகவே இச்சொல்லுக்குள் ஆற்றல் மட்டுமன்றி, முதுமையும் இளையோரை ஊக்கும் பண்பும் அடங்கியுள்ளன. விளையாட்டுச் செய்திகளில் இச்சொல் ‘பெருந்திறலோன்’ என்ற அளவில் சுருங்கிவிட்டது. அதனால்தான் இருபது வயது இளைஞனும் ஜாம்பவான் ஆகிறான். ‘முன்னாள் ஜாம்பவான்’ என்ற தொடரோ இன்னும் விந்தையானது. ஆட்டத்தை விட்டவர் முன்னாள் வீரர் ஆவாரேயன்றி, ஜாம்பவான் பதவியிலிருந்து எவரும் ஓய்வு பெறுவதில்லை.

இச்சொல்லுக்கு முழுமையாகப் பொருந்துபவர் ரஸ்ஸல்தான். 1956 முதல் 1969 வரை ஆடிய 13 பருவங்களில் 11 பட்டங்களை வென்ற அவர், 1966இல் ஆடிக்கொண்டே அணியின் பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்று, என்.பி.ஏ.யின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த வீரருக்குரிய விருதுக்கு 2009இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. அதன்பின் முதுமையிலும் அவரே அரங்குக்கு வந்து இளைய வீரர்களின் கையில் அதனைக் கொடுத்ததுண்டு. அந்தக் காட்சியைக் குறிக்க ஜாம்பவானைவிடச் சிறந்த சொல் கிடையாது.

ஆனால் முதுமையோ வழிகாட்டும் பணியோ இல்லாதவர்களையும் லெஜண்ட் என்பது குறிக்கும். 1993இல் 27ஆம் வயதிலேயே மறைந்த ரெஜி லூயிஸின் 35ஆம் எண்ணும் கூரையில் நிற்கிறது. அவரை ஜாம்பவான் என்பதில் ஒரு நெருடல் உண்டு. இத்தகையோருக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல் வேண்டும். புறநானூற்றின் 165ஆம் பாட்டு, நிலையில்லாத உலகில் நிலைபெறக் கருதியோர் ‘தம்புகழ் நிறீஇ’ மாய்ந்தனர் என்கிறது. நிறீஇ என்றால் நிறுத்தி. ஆள் மறைய, புகழ் நிற்கிறது. எண்ணை நிறுத்திவைத்தலும் புகழை நிறுத்துதலும் தமிழில் ஒரே வினையாக அமைந்தது தற்செயலே ஆயினும், பொருளுக்கு மிகவும் இயைகிறது. பழைய வழக்கில் ‘மன்னுபுகழ்’ என்ற தொடரும் உண்டு. மன்னுதல் என்பது நிலைபெறுதல். இன்றைய உரைநடைக்கு அது சற்றுக் கடினம் என்பதால், ‘நிலைபுகழ் வீரர்’ என்பதை லெஜண்டுக்கு நேராகப் பரிந்துரைக்கிறேன். ‘செல்டிக்ஸின் நிலைபுகழ் வீரர்களுள் ஒருவரான ஹாவ்லிசெக்’ என்று எழுதினால் தமிழ் ஓட்டம் கெடுவதில்லை. ‘வாழும் லெஜண்ட்’ என்பதையும், புகழ் நிலைபெற்றுவிட்டது, ஆளும் நம்மோடு இருக்கிறார் என்ற பொருளில், ‘வாழும் நிலைபுகழ் வீரர்’ எனலாம்.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். லெகெண்டா என்பது பலர் கேட்க உரக்கப் படிக்கப்படுவது. ரஸ்ஸலோ, 1972இல் தம் 6ஆம் எண்ணை உயர்த்தும் நிகழ்வில் ரசிகர்கள் இருக்கக்கூடாது என்று வற்புறுத்தினார். அரங்கின் கதவுகள் திறக்குமுன், பழைய தோழர்கள் சிலர் முன்னிலையில் அது நடந்து முடிந்தது. அவர் மறைந்த 2022ஆம் ஆண்டில் அதே எண், என்.பி.ஏ.யின் எல்லா அணிகளிலும் நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாறு சிறப்பிக்கப்பட்ட முதல் வீரர் அவரே.

பரிந்துரைத்த சொல்லில் ஒரு குறை உண்டு. செல்டிக்ஸ் அணியைத் தோற்றுவித்த வால்டர் பிரவுனுக்காக 1ஆம் எண்ணும், பயிற்சியாளராக ஒன்பது பட்டங்களை வென்ற ரெட் ஆவர்பாக்குக்காக 2ஆம் எண்ணும் நிறுத்தப்பட்டுள்ளன. இருவரும் அவ்வணிக்காகக் களமிறங்கி ஆடியவர்கள் அல்லர். அவர்களையும் உள்ளடக்க வேண்டிய இடத்தில் ‘வீரர்’ என்பதை விட்டு, ‘நிலைபுகழோர்’ என்று எழுத வேண்டும்.