தையலுக்குப் பதிலாகச் சொந்த ரத்தம்

வயலிலும் கடலிலும் வெயில் காற்று பாராமல் வேலை செய்கிறவர்கள் சிலருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாக ஒரு சதை படரும். டெரிஜியம் என்பார்கள். அதை வெட்டி எடுத்து அப்படியே விட்டுவிட்டால் பலருக்கு மறுபடியும் வளர்ந்துவிடும். அதனால் மேல் இமைக்கு அடியில், கண்ணின் மேல்படலத்திலிருந்து மெல்லிய துண்டு ஒன்றை எடுத்து வெட்டிய இடத்தில் பதிக்கிறார்கள். அந்தத் துண்டு நகராமல் இருக்க வேண்டும். நூலால் தைக்கலாம்தான். ஆனால் தலைமுடியைவிட மெல்லிய நூலாக இருந்தாலும், இமைக்கும்போதெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். தையல் போடுவதற்கும் நேரம் பிடிக்கும்.

இங்கேதான் ஃபைப்ரின் பசை வருகிறது. விரலில் கத்தி பட்டால் ரத்தம் உறைகிறதே, அதே வேலைதான். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்திருக்கிறது. 100 மில்லி பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். காயம் பட்டதும் உருவாகும் த்ராம்பின் என்ற நொதி, ஃபைப்ரினோஜனின் சிறு துணுக்குகளை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து ஃபைப்ரின் இழைகளாகின்றன; இழைகள் வலையாகின்றன. பிறகு கால்சியத்தின் துணையோடு 13-ஆம் காரணி என்ற இன்னொரு புரதம் அந்த வலையை இறுக்கிக் கட்டுகிறது.

உடல் செய்யும் இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மருத்துவர்கள் தனியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஃபைப்ரினோஜனையும் த்ராம்பினையும் கலந்தால் பசை. ஃபைப்ரினோஜன் கூடினால் பசைக்கு வலு கூடும். த்ராம்பின் கூடினால் சீக்கிரம் உறையும். முன்பு பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து ஃபைப்ரினோஜன் தயாரித்தார்கள். கல்லீரல் அழற்சிக் கிருமி தொற்றும் ஆபத்து இருந்ததால், 1978-இல் அமெரிக்காவில் அதற்கான உரிமத்தை ரத்து செய்தார்கள். அப்புறம் வந்த பசைகளில் கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் சேர்ந்தன. ஆனாலும் நோயாளியின் சொந்த ரத்தமே இருக்கும்போது பிறர் ரத்தம் எதற்கு என்ற கேள்வி எனக்கு நியாயமாகவே படுகிறது.

சொந்த ரத்தத்தில் பசை செய்வது இப்படி: பிளாஸ்மாவைப் பிரித்து பனிக்கட்டிபோல் உறைய வைத்து, குளிர்ப்பெட்டி வெப்பநிலையில் மெதுவாக உருக விட வேண்டும். அப்போது ஃபைப்ரினோஜன் செறிந்த வீழ்படிவு அடியில் தங்கும். 13-ஆம் காரணியும் அதோடு சேர்ந்தே கிடைக்கும். இனி த்ராம்பின் வேண்டும். மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த த்ராம்பினைப் பயன்படுத்தியபோது சிலருடைய உடல் அதற்கு எதிர்ப்புப்பொருளை உண்டாக்கியது. அந்த எதிர்ப்புப்பொருள் அவர்களுடைய சொந்த உறைதல் காரணியையே தாக்கி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விட்டது. அதனால் த்ராம்பினையும் நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் முறைகள் வந்தன. டென்மார்க்கில் உருவான ஒரு கருவி த்ராம்பின் இல்லாமலே வேலையை முடிக்கிறது: 120 மில்லி ரத்தம் எடுத்து, தென் அமெரிக்க விரியன் பாம்பின் நஞ்சில் உள்ள ஒரு நொதியால் ஃபைப்ரினை உருவாக்கி, அந்த நொதியைப் பிறகு அகற்றிவிடுகிறது.

கண் அறுவையில் இவ்வளவு ஏற்பாடுகூடத் தேவையில்லை. சதையை வெட்டிய இடத்தில் கசியும் ரத்தத்தின் மேலேயே படலத்தை விரித்து, பத்து நிமிடம் போல அசையாமல் வைத்திருக்கிறார்கள். அந்த ரத்தமே உறைந்து பிடித்துக்கொள்கிறது. கடைப்பசையின் செலவு மிச்சம். ஆனால் பிடிப்பு சற்றுக் குறைவு. கண்ணைக் கசக்கினால் படலம் நகர்ந்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஓரிரு வாரங்களில் பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் வலையைக் கரைத்துவிடும். அதற்குள் படலம் தானாகவே வேர்பிடித்திருக்கும்.