கப்பலில் வண்டு அரிசியா? யாரிடம் புகார் கொடுப்பது

குடியாத்தத்துப் பையன் ஒருவன் கேட்டரிங் படித்துவிட்டு, சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளாகப் போனான். வண்டு அரிசி, துரு நிறத் தண்ணீர். கப்பல் சென்னைக்கு வந்தபோது அவன் அம்மா மூன்று அலுவலகம் ஏறி இறங்கினார். "கப்பலுக்குத்தான் சர்டிபிகேட் இருக்கேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள்.

அவர்கள் சொன்னது கப்பல் சுகாதாரச் சான்றிதழ். துறைமுக சுகாதார அதிகாரி எலி, பூச்சி, சமையலறை, தண்ணீர்த் தொட்டி பார்த்துத் தருவது. ஆறு மாதம் செல்லும். பார்த்த நாளின் நிலைதான் அதில் இருக்கும். ஐந்தாம் மாதம் தட்டில் விழும் சோற்றுக்கு அது சாட்சி ஆகாது.

ஊழியர் சாப்பாட்டுக்கு வேறு சட்டம்: 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் ஏற்றது. நல்ல உணவும் குடிநீரும் இலவசமாகத் தர வேண்டும். கேப்டன் அடிக்கடி சோதித்து எழுதி வைக்க வேண்டும். புகாரில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

புகார் போக வேண்டிய இடம் சென்னை எம்.எம்.டி., அதாவது கப்பல்களைச் சோதிக்கும் மத்திய அரசு அலுவலகமான மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட். வேலூர் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் துறைமுகத்தில் அதிகாரம் இல்லை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தால், அது சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் கப்பல் கிளம்பிவிடும். கப்பல் கரையில் நிற்கும்போதே கொடுங்கள். "பையனே வந்து கையெழுத்துப் போடணும்" என்பார்கள். தேவையில்லை. ஊழியரின் உடல்நலத்தில் அக்கறையுள்ள யாரும் தரலாம், சங்கமும் தரலாம். கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது. வெளிநாட்டுக் கொடி, அதாவது வெளிநாட்டில் பதிவான கப்பல் என்பதும் சாக்கு அல்ல.

"நீ ஹோட்டல் ஸ்டாஃப், மாலுமி இல்லை" என்றால் நம்பாதீர்கள். கப்பலில் வேலை செய்யும் சமையல்காரரும் எடுபிடியும் இந்த உடன்படிக்கையில் அடக்கம்.

பெரிய கண்ணி வேறு. "கப்பல் வேலை" என்று சொல்லி மீன்பிடிப் படகிலோ வளைகுடா மரக்கலத்திலோ ஏற்றிவிடுகிறார்கள். அவற்றுக்கு இந்த உடன்படிக்கை கிடையாது. பணம் கட்டும் முன் கப்பலின் பெயர், ஐ.எம்.ஓ. எண் (கப்பலின் அடையாள எண்), ஏஜென்டின் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண் (கப்பலுக்கு ஆள் எடுக்கும் உரிமம்) மூன்றையும் கேளுங்கள். உரிமத்தை மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. (மாலுமி அடையாளப் புத்தகம்) செலவு உங்களுடையது. வேலை வாங்கித் தரக் காசு கேட்பது சட்டவிரோதம்.

வேலை ஒப்பந்தத்தோடு, கப்பலில் புகார் கொடுக்கும் நடைமுறையின் நகலும் தந்தாக வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.