பயோதானுங்க சார்!

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பயோ வாஷ் (என்சைம் போட்டுத் துணியின் பிசிறை எடுக்கும் கழுவல்) சரியாக வரவில்லை, பனியன் துணியில் பிசிறு அப்படியே நிற்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் காரணம் சின்னதுதான். தண்ணீரின் பிஎச் 7க்கு மேல் இருந்தது. அவர்கள் வாங்கியிருந்த செல்லுலேஸ் என்ற என்சைம், அதாவது பருத்தி நாரை வெட்டும் புரதம், 4.5க்கும் 5.5க்கும் நடுவில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அசிட்டிக் ஆசிட்டைக் கொஞ்சம் கூட்டியதும் அடுத்த லாட் சரியாக வந்துவிட்டது.

அன்றைக்கு என் மனதில் நின்றது வேறு ஒன்று. ஹெல்ப்பர் தம்பி ஒருவர் மூட்டையைப் பிரித்து, பழுப்பு நிற செல்லுலேஸ் பவுடரை நெஞ்சு உயரத்திலிருந்து வாளிக்குள் ஒரே கொட்டாகக் கொட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூசி புகை மாதிரி நின்றது. முகத்தில் ஒரு கர்ச்சீப்கூட இல்லை. மாஸ்க் எங்கே என்று கேட்டேன்.

"இது ஆசிட் இல்லீங்க சார், பயோதானுங்க. ஒண்ணும் பண்ணாதுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. பருத்தி ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ், அதாவது குளுக்கோஸ் கோத்த நீளச் சங்கிலி. செல்லுலேஸ் என்பது ஒரு கூட்டணி. ஒரு என்சைம் சங்கிலியை நடுவில் வெட்டும், இன்னொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டாகக் கடிக்கும், மூன்றாவது அந்த இரட்டைத் துண்டுகளை ஒற்றை குளுக்கோஸாக உடைக்கும். இதைச் சுரக்கும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையின் மூல வகை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை மக்க வைத்தது. நம் உடம்பில் செல்லுலோஸ் கிடையாது. ஆகவே நம்மை அது அரிக்காது.

ஆனால் அது ஓர் அந்நியப் புரதம். மூச்சுக்குழாய்க்குள் திரும்பத் திரும்பப் போனால், உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளலாம். சிலருக்கு மாதங்களில், சிலருக்கு வருடங்களில். அதுவரை ஒரு தும்மல்கூட வராது என்பதுதான் வம்பு. பதிவான பிறகு துளித் தூசி போதும், ஆஸ்துமா கிளம்பிவிடும். 1969இல் பிரிட்டனில் சலவைத்தூள் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே காரணம் பாக்டீரியாவிலிருந்து எடுத்த புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் என்சைம். அந்த வகை என்சைமுக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் சொல்லும் உச்சவரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். கண்ணுக்குத் தெரிகிற தூசி என்றால் எங்கேயோ போய்விட்டோம் என்று அர்த்தம்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நானும் இதைத்தான் செய்தேன். எங்கள் லேபில் நான் செல்லுலேஸ், பக்கத்தில் சீனியர் அக்கா ஒருவர் எலும்பு மஜ்ஜை வளர்ப்பு. எலியின் தொடை எலும்பின் இரு முனையையும் வெட்டி, ஊசியால் உள்ளே திரவத்தைப் பாய்ச்சி மஜ்ஜையை வெளியே தள்ளுவார். 33 டிகிரியில் வாரக்கணக்கில் வளர்ப்பு, வாரம் ஒருமுறை பாதித் திரவத்தை மட்டும் மாற்றுவார். அவர் வேலை செய்யும் லேமினார் ஃப்ளோ மேஜையில் காற்று சுத்தமாக இருக்குமே என்று, என் என்சைம் பவுடரை அங்கே வைத்து எடை போட்டேன். அந்த மேஜையில் காற்று பின்பக்க ஃபில்டரிலிருந்து நேராக நம் முகத்துக்கு வரும். மஜ்ஜை செல்லை நம்மிடமிருந்து காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. பவுடர் முழுக்க என் மூக்கில்.

"அது உன்னைக் காப்பாத்தாதுடா, உள்ள இருக்கிறதைத்தான் காப்பாத்தும்" என்று கத்தினார். மூன்று வாரம் வளர்த்த குடுவைகளில் பூஞ்சை ஏறிவிடுமோ என்ற கோபமும் அதில் இருந்தது, நியாயம்தான்.

சரி, பட்டறையில் என்ன செய்யலாம்? முடிந்தால் திரவ என்சைமுக்கோ, மேலே பூச்சு கொடுத்த குருணைக்கோ மாறுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பவுடர்தான் என்றால் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மூட்டை வாயைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சரியுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஏர் பிடித்து ஊதவே ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். திரவத்தையும் ஸ்பிரே அடிக்கக் கூடாது, மிதக்கும் சாரல் தூசிக்குச் சமம். கர்ச்சீப் உதவாது. முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 மாஸ்க்காவது வேண்டும்.

பஞ்சு ஊரில் எல்லா இருமலையும் பஞ்சுத் தூசிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். வேலை நாளில் கண் எரிச்சல், மூக்கொழுகல், ராத்திரியில் இருமல், நெஞ்சு இறுக்கம்; லீவு நாளில் தேவலாம் என்றால் என்சைமையும் சந்தேகப்படுங்கள். டாக்டரிடம் "கம்பெனி வேலை" என்று மொட்டையாகச் சொல்ல வேண்டாம். மூட்டை லேபிளை செல்போனில் போட்டோ எடுத்துப் போய்க் காட்டுங்கள். வேலை நாளிலும் லீவு நாளிலும் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறோம் என்று காட்டும் சின்னக் கருவி) ஊதி, அளவைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.