பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய மூன்று சக்கர வண்டியில் ஹெட்லைட் மங்கினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியைத்தான். அந்த வண்டிகளில் பலவற்றுக்குப் பேட்டரியே கிடையாது என்பது வேறு கதை.

ஆட்டோ ரிக்‌ஷாவைச் சொல்லவில்லை. மணல்மேடு, காட்டுத்தடம், உறைந்த ஏரி என்று சாலையில்லாத இடங்களில் ஓட்டுவதற்காக 1970-களிலும் 80-களிலும் ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்கள் வட அமெரிக்காவில் விற்ற பலூன் டயர் வண்டிகளைச் சொல்கிறேன். விபத்துகள் பெருகியதால் 1988-இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. எனவே இன்று ஓடுபவற்றில் கடைக்குட்டிக்கே நாற்பது வயது நெருங்குகிறது. இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் அந்த வயர்களை வெட்டி ஒட்டினார்களோ! கனடாவின் ஒன்டாரியோவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு, ஏரிகள் உறையும் பருவத்தில் இவை வரும். உறைபனியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் இன்னும் இவற்றை விடுவதாக இல்லை.

கையில் வந்திருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கயிறு இழுத்துக் கிளப்பும் வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்குள் இருக்கும் காயில், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள், ஹெட்லைட்டுக்கு நேராக ஏசி (திசை மாறி மாறிப் பாயும்) மின்சாரம் கொடுக்கிறது. எஞ்சின் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். ஐடிலிங்கில் மங்கும், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பளிச்சிடும். நம் ஊரில் பழைய மொபெட் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இது பழுதல்ல, அதன் இயல்பே அப்படித்தான். இந்த வகையில் மல்டிமீட்டரை டிசியில் (பேட்டரி தருவது போன்ற ஒரே திசை மின்சாரத்துக்கான அளவில்) வைத்து அளந்துவிட்டு, ‘காயில் போய்விட்டது’ என்று தீர்ப்பெழுதுபவர்கள் உண்டு. ஏசியில் வைத்து, பல்பு மாட்டியிருக்கும்போதே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் வோல்டேஜ் தாறுமாறாக உயர்ந்து காட்டும். அந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத மாடல்களில் ஹெட்லைட் பல்பு போனால், அதன் பங்கு மின்சாரமும் டெயில் லைட்டுக்குப் போய், சற்று நேரத்தில் அதுவும் கருகிவிடும்.

1984-இல் வந்த ஹோண்டா பிக் ரெட் 200இஎஸ் போன்ற செல்ஃப் ஸ்டார்ட் வண்டிகளில் பேட்டரி உண்டு. சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வுக்கு விட்ட 12 வோல்ட் பேட்டரி 12.6 அளவில் நிற்க வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் சார்ஜிங் பக்கம் கோளாறு. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, புது பேட்டரி போட்டாலும் அதையும் கொதிக்க வைத்துவிடும்.

இந்த அளவுகள் சரியாக இருந்தும் விளக்கு மங்கினால் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் ஃபிரேம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பின் பக்கம் வாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் பிடிபடுகிறது. ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைப் பல்பு சாக்கெட்டின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வெளிச்சமாக வேண்டியது வழியில் வீணாகிறது. வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்டினியூட்டி சோதனை இங்கே உதவாது: ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் கூவும், ஆனால் அந்த இழை பல்பைச் சுமக்காது. ஆசையாகப் புதுப்பித்த வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். ஃபிரேமுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, எர்த் போல்ட்டை அதன் மேலேயே முறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தை மட்டும் உலோகம் தெரியச் சுரண்டினால் போதும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது விளக்கு சிமிட்டினால், ஸ்டீயரிங் கழுத்தருகே வளையும் வயரை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் விறைப்பில்லாமல் தொளதொளக்கும். மேலுறை முழுசாக இருக்கும். கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்து, பச்சைத் தூளாக உதிரும். டேப் சுற்றுவதால் பயனில்லை, நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது வயர் சேருங்கள்.

வெட்டும் முன் நிறத்தைப் பாருங்கள். காரில் கறுப்பு என்றால் நெகட்டிவ் என்று பழகிய கை இங்கே ஏமாறும். ஹோண்டாவில் பச்சைதான் எர்த். பேட்டரி வண்டிகளில் சாவி போட்டதும் உயிர் பெறுவது கறுப்பு. யமஹாவில் கறுப்பு எர்த், பழுப்பு உயிருள்ளது. கவாஸாகியில் எர்த் கறுப்பில் மஞ்சள் கோடு, சுஸுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு.

ஃபியூஸ் போன இடத்தில் அலுமினியத் தாளைச் சுருட்டி வைத்த வண்டிகளைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பெட்ரோல் டாங்க்குக்கு அடியிலும் அருகிலும் வயர்கள் ஓடும் வண்டி இது. குறிப்பிட்ட ஆம்பியரில் புது ஃபியூஸ் போடுங்கள்; அதுவும் எரிந்தால் எங்கோ வயர் உரசுகிறது. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள்.

கூடுதல் வெளிச்சத்துக்காக அதிக வாட் பல்பு போடுவதும் வீண். பழைய காயில் தருவது கொஞ்சம்தான், அதற்கு மேல் கேட்டால் ஐடிலிங்கில் இன்னும் மங்கும். எல்இடி மாட்ட நினைப்பவர்கள் ஏசியிலும் எரியக்கூடியதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். டிசிக்கு மட்டுமானதை ஏசி வண்டியில் போட்டால் துடிதுடிக்கும், அல்லது சீக்கிரமே போய்விடும்.