குரோவேஷிய மொழி: பயப்படுவது ஓரிடம், சறுக்குவது வேறிடம்

குரோவேஷிய மொழி கற்க வரும் ஆங்கிலக்காரர்கள் பலர் முதல் வகுப்புக்கே ஓர் அட்டவணையோடு வருவார்கள். ஏழு வேற்றுமை, மூன்று பால், ஒருமை, பன்மை. அதை மனப்பாடம் செய்த பிறகுதான் பேசுவேன் என்பார்கள். கொஞ்ச நாள் மூடி வையுங்கள் என்பதுதான் என் முதல் பாடம்.

வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தெரியாது. உயிருள்ள ஆண்பால் பெயர் செயப்படுபொருளாக வந்தால் ஈறு மாறும்: 'ப்ராத்' என்ற சகோதரன் 'ப்ராதா' ஆவான். மேசையான 'ஸ்தோல்' அப்படியே நிற்கும். நாமும் 'மேசை வாங்கினேன்' என்போம், 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல மாட்டோம். ஒரு வித்தியாசம், அங்கே நாயும் அண்ணனோடு சேர்ந்துவிடும்! ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே அதன் வேலையைச் சொல்லிவிடுவதால் அவர்கள் ஈற்றைக் கவனித்துப் பழகவில்லை. ஆனால் ஈறு தவறினாலும் காபிக் கடையில் காபி வந்துவிடும்.

வினை அப்படியில்லை. பெரும்பாலான வினைகள் ஜோடியாக இருக்கும். ஒன்று நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும், மற்றது முடிந்ததை. 'உச்சியோ சாம்' என்றால் படித்துக்கொண்டிருந்தேன். 'நாவுச்சியோ சாம்' என்றால் கற்றுத் தேர்ந்துவிட்டேன். வீடு பார்த்து அலைந்தவர் 'குப்போவாவோ சாம்' என்பதற்குப் பதில் 'கூப்பியோ சாம்' என்றால், வாங்கியே விட்டார் என்று கேட்பவர் வாழ்த்துச் சொல்லிவிடுவார். 'இப்போது என்ன செய்கிறாய்?' என்ற கேள்விக்கு முடிந்த வினையில் பதிலே சொல்ல முடியாது. ஆங்கிலக் காலங்களோடு இதை ஒன்றுக்கொன்று பொருத்தப் பார்ப்பவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள்.

அதனால் வினையைத் தனியாக எழுதிக்கொள்ளாதீர்கள், ஜோடியாக எழுதுங்கள். பெயரை இடத்தோடு சேர்த்துப் படியுங்கள்: தலைநகர் சாகிரேபுக்குப் போவது 'உ சாகிரேப்', அங்கே வசிப்பது 'உ சாகிரேபு'.

எண்களும் படுத்தும். ஒரு மணி நேரம் 'சாத்'; இரண்டு, மூன்று, நான்குக்கு 'சாதா'; ஐந்திலிருந்து 'சாதி'; 21 வந்தால் மறுபடி 'சாத்'. இதற்கு விதியைவிடக் கடிகாரம் நல்லது, தினமும் மணி சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்த அட்டவணை எப்போது? மூன்று நான்கு வேற்றுமைகள் பேச்சில் தானாக வரத் தொடங்கிய பிறகு திறக்கலாம். பாதிக் கட்டங்கள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும்.